பொட்டின் பசை

ஆண்பிள்ளைகள் கையில் பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் காலம் வரும் என்று தஸ்நேவிஸின் கல்யாணத்தன்று யாராவது சொல்லியிருந்தால் பந்தியே சிரித்திருக்கும். அந்தக் காலம் வந்தே விட்டது. தூத்துக்குடிக்குத் தெற்கே புதிதாக எழுந்த புதுத்துறையில், கிரேன் ஓட்டும் எழுபத்திரண்டு பேரும் முழங்கைக்குக் கீழே உட்புறத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்றை ஒட்டிக்கொண்டுதான் வாசலைத் தாண்ட வேண்டும்.

அரசாங்கம் அதற்கு 'இதயக் காப்புப் பட்டை' என்று பெயர் வைத்தது. ஊர் பொட்டு என்றது. விடியற்காலை ஐந்து மணிக்கு, வெறும் வயிற்றில், தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு எவ்வளவு என்று அது எண்ணும். நாடி துடிக்கும் விதத்தை வைத்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் எவ்வளவு அடைத்திருக்கின்றன என்று கணக்குப் போடும். கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் சொல்லும். அறுபது வரை பச்சை, அதற்கு மேல் மஞ்சள், எண்பதைத் தாண்டினால் சிவப்பு. பஸ் ஓட்டுபவர், ரயில் ஓட்டுபவர், கிரேன் ஓட்டுபவர் என்று அடுத்தவர் உயிரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பொட்டு. மற்றவர்கள் இஷ்டப்படி அடைத்துக்கொள்ளலாம்.

சும்மா சொல்லக்கூடாது, நுட்பமான சாமான்தான். ஆனால் பசை மட்டும் மட்டம். வேர்த்தால் கழன்றது, குளித்தால் கழன்றது, ஒருமுறை கிரேன் ஓட்டும் கயத்தானின் மீன் குழம்பிலேயே விழுந்தது. 'இத்தனை பெரிய விஞ்ஞானத்துக்கு ஒரு நல்ல பசை கிடைக்கவில்லையா?' என்று தொழிற்சங்கம் துறைமுகத்துக்கு மனு எழுதியது. எழுதிய கை துணைச் செயலாளர் தஸ்நேவிஸுடையது. அதற்கு முன்பு அதே சங்கம் பதினேழு நாள் வேலைநிறுத்தம் செய்து, பொட்டு கொழுப்பை மட்டும்தான் பார்க்கலாம், அது யாருடைய இரத்தம் என்று பார்க்கவோ கேட்கவோ கூடாது என்று சட்டமே வாங்கியிருந்தது. தொழிலாளியின் அந்தரங்கம் என்றார்கள். அந்தச் சட்டத்துக்கும் மட்டமான பசைக்கும் நடுவில் எவ்வளவு வசதி இருக்கிறது என்று தஸ்நேவிஸுக்கு ஒரு செவ்வாய்க்கிழமைதான் விளங்கியது.

அன்றைக்கு வாசலில் அவனுக்கு மஞ்சள் விழுந்தது. எண் அறுபத்து மூன்று. திங்கட்கிழமையும் மஞ்சள்தான். மூன்றாவது நாளும் மஞ்சள் என்றால் கிரேன் கூண்டிலிருந்து இறக்கித் தரையில் நிறுத்திவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து சரக்குப் பெட்டியை முட்டை எடுப்பதுபோல் எடுத்து வைப்பவன் அவன். கீழே சைகைக் கொடி பிடித்து நிற்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தக் கூண்டுக்கு வெளியே தான் யார் என்றே அவனுக்குத் தெரியாது.

டீக்கடையில் கயத்தான் அவன் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டான். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அடுத்தடுத்த கிரேன்.

"என்ன வே, மஞ்சக் காமாலை வந்த மாதிரி நிக்கீரு?"

"நாளைக்கும் மஞ்சன்னா இறக்கிருவானுவ, வே."

கயத்தான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வீட்டுக்குப் போனதும் கழத்தும். உம்ம பொண்டாட்டி கையில ஒட்டும். காலைல எடுத்து உம்ம கையில ஒட்டிக்கிட்டு வாரும். அஞ்சு மணிக்கு எந்த ரத்தம் இருக்கோ அந்த ரத்தம்தான் கணக்கு. நான் ரெண்டு வருசமா ஜெசிந்தா கையிலதான் ஒட்டுதேன். என்னைக்காவது எனக்கு மஞ்சள் பாத்தீரா?"

"தப்பில்லையா, வே?"

"நம்ம வரிசையில பாதிப் பேரு வீட்டுல இதான் நடக்கு. உமக்கு என்ன, புளோரா ஒரு நாளைக்கு ஒரு கை சோறு தின்னுதவ. பொட்டு பச்சையில பச்சையா காட்டும்."

தஸ்நேவிஸின் மனைவி புளோரா ஒல்லி. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவாள், மிஞ்சியதைச் சாப்பிடுவாள். அதுவும் அப்போது தவக்காலம். நாற்பது நாளும் கறி, மீன், முட்டை கிடையாது. காலையில் கஞ்சி, மத்தியானம் ரசம். தஸ்நேவிஸோ தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமை தவிர்த்த மற்ற நாளெல்லாம் எண்ணெயில் பொரித்த புரோட்டா தின்பவன். இரண்டு பேரில் யார் இரத்தம் சுத்தம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னபோது புளோரா சிரித்தாள். "கல்யாணத்துல தாலி கட்டினிய. இப்ப பொட்டு வேற வைக்கியளா? வையுங்க." கையை நீட்டினாள். ஒட்டிவிட்டு அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணிமை ஓரத்தில் மூக்கை ஒட்டி அவளுக்குச் சின்னதாக மஞ்சள் தடிப்பு உண்டு. பெண் பார்க்க வந்த அன்றே அவனுக்கு அது பிடித்துப்போயிருந்தது.

மறுநாள் காலை வாசலில் கையை நீட்டினான். சிவப்பு. எண் எண்பத்தெட்டு.

காவலாளியே ஒரு கணம் அசந்துபோனான். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் துறைமுக மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று ஃபோனில் தகவல் வந்தது. தஸ்நேவிஸ் வீட்டுக்குத் திரும்பிப் போனான். போனவன் செய்த முதல் காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குக் கூசும்.

"ஏளா, நேத்து ராத்திரி என்னத்தத் தின்ன?"

"கஞ்சிதான்."

"பொய் சொல்லாத. எனக்குத் தெரியாம வறுத்தது பொரிச்சது ஏதும் தின்னியா?"

புளோரா அவனை நிதானமாகப் பார்த்தாள். "ஒரு துண்டு நார்த்தங்கா தொட்டுக்கிட்டேன். அதுக்கா சிவப்பு?"

"அப்ப இன்னைக்கு ஒண்ணும் திங்காத. தண்ணி மட்டும் குடி. நாளைக்கு எப்படிப் பச்சை வரலன்னு பாப்போம்."

புரோட்டா தின்றவன் தீர்ப்புச் சொன்னான், கஞ்சி குடித்தவள் தண்டனையை ஏற்றுக்கொண்டாள். தவக்காலத்தில் முழுப் பட்டினி அவளுக்குப் புதிதில்லை. சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போது பாதிப் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். என்ன என்று கேட்டதற்கு, "வாயு. பட்டினி கெடந்தா அப்படித்தான் நெஞ்சுல வந்து முட்டும்" என்றாள். பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்தாள். அவனும் நம்பினான். வியாழக்கிழமை காலை எண் எண்பத்தொன்பது.

"பொட்டுக் கோளாறு வே, வேறென்ன" என்றான் கயத்தான். "இன்னைக்குச் சாயங்காலம் எங்கிட்ட கொண்டாரும். ஜெசிந்தாளுக்கு ரெண்டு கை இருக்குல்ல? ரெண்டு நாள் சிவப்பு, மூணாம் நாள் பச்சைன்னா அவனுவளே கோளாறுன்னு புதுசு மாத்தித் தருவானுவ. நீரும் கூண்டுல ஏறிரலாம், ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

வழி சுலபமாகத்தான் இருந்தது. சாயங்காலம் தஸ்நேவிஸ் சட்டையை மாட்டிக்கொண்டு, கயத்தான் வீட்டுக்குக் கிளம்பும் முன் புளோராவின் கையிலிருந்து பொட்டை எடுக்க அவளருகே வந்தான். அவள் சூசையப்பர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ரோச் அண்ணனுக்கு வருசப் பூசை. மறந்துராதிய" என்றாள். "எம்புட்டு நல்ல மரணம் அது! ராத்திரி சாப்ட்டுட்டுப் படுத்தவுக, காலைல எந்திரிக்கல. ஒரு நாள் படுக்கையில கெடந்து பீ மூத்திரம் அள்ள விடல. எங்க அம்மாவுக்கும் அப்படித்தான். தாய்மாமாவுக்கும் அப்படித்தான். எல்லாம் சூசையப்பர் குடுத்த வரம்."

புளோராவின் பிறந்த வீட்டில் இது பெரிய பெருமை. நல்ல மரணத்துக்காகச் சூசையப்பரிடம் தலைமுறை தலைமுறையாக வேண்டிக்கொள்ளும் குடும்பம் அது. அவர் அவர்களைக் கைவிட்டதே இல்லை என்று கல்யாண வீட்டில்கூடச் சொல்லுவார்கள். தஸ்நேவிஸ் இந்தப் பேச்சை நூறு முறை கேட்டிருப்பான், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியும் இருப்பான். அன்றைக்கு மட்டும் ஏனோ ஒரு கேள்வி கேட்டான்.

"ரோச்சுக்கு அப்ப என்ன வயசு?"

"நாப்பத்து மூணு."

"உங்க அம்மாவுக்கு?"

"நாப்பத்தி ஏழு."

"மாமாவுக்கு?"

"நாப்பத்தஞ்சோ என்னமோ. ஏன் கேக்கிய?"

புளோராவுக்கு நாற்பத்து நான்கு. தஸ்நேவிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். படியில் சுவரைப் பிடித்தது, கோயிலுக்கு நடக்கும்போது அவள் நடுவில் நின்று சேலையைச் சரிசெய்வதுபோல் மூச்சு வாங்குவது, பெருங்காயம், வாயு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பொட்டு கோளாறில்லை. அது இரண்டு நாளாக இந்த வீட்டில் உண்மை பேசிக்கொண்டிருக்கிறது, அவன்தான் அதைக் கேட்காமல் நார்த்தங்காய்மேல் பழியைப் போட்டான்.

"பொட்டை எடுக்கலயா?" என்று அவள் கையை நீட்டினாள்.

"உங்கையிலேயே இருக்கட்டும். காலைல ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஆஸ்பத்திரிக்கா? போனா உங்க குட்டு வெளிப்பட்டுராதா? கூண்டுல ஏத்த மாட்டாவளே!"

"ஏத்தாட்டிப் போறாவ."

"எனக்கு வாயுதாங்க. ஒரு வாயுவுக்காக யாராச்சும் வேலையைக் கெடுத்துக்கிடுவாவளா?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இருபத்து மூன்று வருஷத்தில் அவளுக்கு என்ன எண் இருக்கும் என்று அவன் ஒரு தடவை கூட யோசித்ததில்லை.

துறைமுக மருத்துவமனையில் டாக்டர் ருகையா காயல்பட்டினத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசாதவர். தஸ்நேவிஸ் கதவைச் சாத்திவிட்டு, மனப்பாடம் செய்துவந்ததை எல்லாம் மறந்து, ஒரே மூச்சில் சொன்னான். "டாக்டர், சிவப்பு விழுந்தது எனக்கு இல்ல. இவளுக்கு."

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. பேனாவைக் கூடக் கீழே வைக்கவில்லை. "யார் ரத்தம்னு நான் கேக்கக் கூடாது. உங்க சங்கம் வாங்கின சட்டம். பொட்டுல பதிவான ரத்தம் யாருகிட்ட ஓடுதோ அவங்களுக்கு வைத்தியம் பாக்குறது என் வேலை. அம்மா, நீங்க இப்படி வந்து உட்காருங்க."

புளோராவின் கண்ணிமையைப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே நரம்பைத் தடவிப் பார்த்தார். அங்கே தடிப்பாக இருந்தது. பிறகு யார் யார் எந்த வயதில் இறந்தார்கள் என்று கேட்டார். புளோரா பெருமையோடு ஆரம்பித்து, டாக்டரின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

"நான் ஒண்ணும் திங்கலியே டாக்டர்" என்றாள், குற்றம் செய்தவள்போல.

"தின்னு வந்ததில்லம்மா. கொழுப்பு எல்லார் ஈரல்லயும்தான் சுரக்கும். ரத்தத்துல மிஞ்சுன கெட்ட கொழுப்பைத் திரும்ப அள்ளி எடுக்குறதும் அதே ஈரல்தான். உங்க குடும்பத்துல அந்த அள்ளுற வேலை பாதிதான் நடக்குது. பிறவியிலேயே அப்படி. அள்ளாதது நாப்பது வருஷமா இதயக் குழாயில படிஞ்சு, கண்ணு ஓரத்துலயும் மஞ்சளா வந்து நிக்குது. நீங்க பட்டினி கிடந்தாலும் அது குறையாது."

தஸ்நேவிஸ் தரையைப் பார்த்தான்.

படம் எடுத்துப் பார்த்ததில் மூன்று குழாயில் ஒன்று முக்கால்வாசி அடைத்திருந்தது. அன்றைக்கே கம்பி விட்டுத் திறந்தார்கள். மறுவாரம் ஓர் ஊசி போட்டார்கள். ஈரலுக்கு அது மறந்துபோன வேலையை ஆயுசுக்கும் நினைவுபடுத்தும் ஊசி. கோயம்புத்தூரில் படிக்கும் மகள் அன்சலாவையும் வரவழைத்துச் சோதித்தார்கள். அவளுக்கு இல்லை. தஸ்நேவிஸ் அன்றைக்குத்தான் அழுதான்.

அவனையும் டாக்டர் விடவில்லை. வந்த முதல் நாளே அவன் கையில் பொட்டை ஒட்டி, மறுநாள் எண்ணைப் பார்த்தார். அறுபத்து நான்கு. "உங்களை மேல ஏத்த முடியாது. எட்டு மாசம், ஒரு வருஷம் ஆகலாம். தெரிஞ்சே ஏத்திவிட்டா நான் மனுஷியில்ல."

"தெரிஞ்சுதான் டாக்டர் வந்தேன்."

எழுந்து போகப்போனவனை அவர் நிறுத்தினார். மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அவனுடைய கையெழுத்து. பசை மனு.

"உங்க கோரிக்கையை ஏத்துக்கிட்டாங்க. அடுத்த மாசம் புதுப் பசை வருது. ஒட்டினா தொண்ணூறு நாளைக்குக் கழத்த முடியாது." எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பொட்டு செஞ்ச குழுவுல நானும் இருந்தேன். வீட்டுல இருக்குற பொம்பளைங்களுக்கும் குடுங்கன்னு நாலு தடவை எழுதினேன். அவங்க கையில அடுத்தவர் உயிர் எதுவும் இல்லைன்னு பதில் வந்தது. அப்புறம் எந்தப் பசை போடலாம்னு எங்கிட்ட கேட்டாங்க."

தஸ்நேவிஸுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "அப்ப, கழலுற பசையா பாத்துப் போட்டது நீங்கதானா டாக்டர்?" என்றான்.

"எனக்கு ஆம்பளைங்களைத் தெரியும்" என்றார் டாக்டர். "நாலு வருஷத்துல பதினெட்டு பொம்பளைங்க இந்த அறைக்கு வந்திருக்காங்க. உங்க வீட்டம்மா பத்தொன்பது. ஆனா போன வருஷம் ஏழாம் நம்பர் கூண்டுல இருந்து ஒருத்தரை உயிரில்லாம இறக்கினோமே, ஞாபகம் இருக்கா? அன்னைக்குக் காலைல அவருக்குப் பச்சை. அவர் மனைவி நல்லா இருக்காங்க. அந்த ஒருத்தர் என் கணக்குல இருக்கார். எனக்குத் தூக்கம் குறைவு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சங்கக் கட்டடத்தில் கூட்டம். கம்பி விட்ட மூன்றாம் நாளே புளோரா ரோச்சின் பூசைக்கு வந்தே தீருவேன் என்று வந்திருந்தாள். ஆனால் 'நல்ல மரணம்' என்று யாரோ ஆரம்பித்தபோது, "நல்லாத்தான் இருந்திருப்பாவ, முன்னமே டாக்டரைப் பாத்திருந்தா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

செயலாளர் புதுப் பசை வரும் செய்தியை வெற்றியாக அறிவித்தார். கை தட்டுவார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் நிறுத்தினார். ஒருவரும் தட்டவில்லை. எழுபது ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் விட்டத்தைப் பார்த்தார்கள். தஸ்நேவிஸ் எழுந்தான்.

"மனுவைத் திரும்ப வாங்கிக்கிடுவோம்."

"நீதானவே எழுதுன!" என்று ஒருவர் சிரித்தார்.

"நான்தான் எழுதுனேன். இப்ப வேற எழுதுதேன். வீட்டுக்கு ரெண்டு பொட்டு வேணும். ஒண்ணு எனக்கு, ஒண்ணு எம் பொண்டாட்டிக்கு. ரெண்டும் வந்த பொறவு பசையைச் சிமெண்டு மாதிரி போடுங்க, நான் வேண்டாங்கல. அது வரைக்கும் இந்தப் பசைதான் இருக்கணும். பதினேழு நாள் நின்னவங்கதான நாம, இதுக்கும் நிப்போம்."

"ஏன், பொம்பளைய என்ன கிரேனா ஓட்டுதாவ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான் நாளையில இருந்து கீழ கொடி பிடிக்கேன். ஏன் பிடிக்கேன்னு இங்க இருக்க பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேரு பொண்டாட்டிகிட்ட போயி, படி ஏறும்போது மூச்சு வாங்குதான்னு கேளுங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

முதலில் ஒரு கை உயர்ந்தது, பிறகு இரண்டு, பிறகு வரிசை வரிசையாக. கயத்தான் மட்டும் கையைத் தூக்காமல், முழங்கையின் உட்புறத்தை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை தஸ்நேவிஸ் கப்பலடியில் கொடியோடு நின்றான். மேலே அவனுடைய பழைய கூண்டில் வேறு ஆள். பெட்டி கொஞ்சம் தடாலென்றுதான் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால் கயத்தான். கையில் கொடி, தலையில் தரை ஆட்களின் தொப்பி.

"மூணு நாள் மஞ்சள் பாக்கணுமே வே. இன்னைக்கே இறக்கிட்டாவளா?"

"மஞ்சள் எங்க, நேரா சிவப்பு. எண்பத்து நாலு." கயத்தான் பக்கத்தில் வந்து நின்று, தன் மூன்றாம் நம்பர் கிரேனை அண்ணாந்து பார்த்தான். "நேத்து ராத்திரி எங்கையிலேயே ஒட்டிக்கிட்டுப் படுத்தேன். மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காவ. அது வரைக்கும் நிழல்ல உக்காருன்னாவ, எனக்குத்தான் இருப்புக் கொள்ளல."

"உக்காரும் வே, பேசாம."

கயத்தான் உட்காரவில்லை.

"பொம்பளைய கிரேனா ஓட்டுதாவன்னு நேத்து கேட்டானுல்லா?" என்றான். "ரெண்டு வருசமா எங்கிரேனை ஜெசிந்தாதான் வே ஓட்டியிருக்கா."